மதி என்றால் போதும்

படிவத்தில் பிள்ளையின் நடத்தையைப் பற்றி எழுத மூன்றே வரி இடம் விட்டிருந்தார்கள். வகுப்பு டீச்சர் மூன்றையும் நிரப்பியிருந்தார். "அடங்க மாட்டான். சொன்ன பேச்சு கேட்க மாட்டான். காரணமில்லாமல் பொருட்களை வீசுவான்."

2022 ஜூன் மாதம். கொரோனாவில் வீட்டுக்குள் கிடந்த பிள்ளைகள் பழையபடி பள்ளிக்கூடம் வந்த முதல் ஜூன். மூன்றாம் வகுப்பு. பையனின் பெயரை எழுதப்போவதில்லை. வீட்டில் எல்லோரும் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். ஆட்டிசம் உள்ள பிள்ளை. அப்போது எட்டு வயது. வாயில் வரும் வார்த்தைகளை இரண்டு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். அதில் ஒன்று "பொள்ளாச்சி". பஸ்ஸில் கிளி, அதாவது கிளீனர், கூவுகிற அதே ராகத்தில் மூன்று தடவை சொல்வான்.

ஊரைச் சொல்லிவிடுகிறேன். சித்தூர் என்றால் பாதிப் பேர் ஆந்திராவா என்று கேட்பார்கள். இது பாலக்காட்டுச் சித்தூர். தாலுகாவின் கிழக்கு ஓரமாக, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று போனால் கடைப் பலகையில் மலையாளம் இருக்கும், கடைக்குள் தமிழ் இருக்கும். தென்னை, நெல், கள்ளு. விடியற்காலையில் இங்கிருந்து கள்ளு ஏற்றிக்கொண்டு மற்ற ஜில்லாக்களுக்கு வண்டிகள் போகும். தம்பியின் அப்பா அப்படி ஒரு வண்டியின் டிரைவர். அம்மா எல்லைக்கு அந்தப் பக்கம் நார் மில்லில் வேலை. பையனைப் பார்த்துக்கொள்வது அம்மிச்சி, அவன் அம்மாவின் அம்மா.

நான் இந்தப் பக்கத்துப் பள்ளிகள் சிலவற்றுக்கு வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் என்று முறை வைத்துப் போகும் ஸ்பெஷல் எஜுகேட்டர், அதாவது இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான டீச்சர். ஒப்பந்த வேலை. பிள்ளைகளுக்கு நான் 'பி.ஆர்.சி. டீச்சர்', வட்டார வள மையத்திலிருந்து வருகிறவள். தமிழ் வழிப் பள்ளி என்றாலும் எங்களுக்கு வரும் படிவமெல்லாம் மலையாளத்திலோ இங்கிலீஷிலோதான் வரும். தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளி என்பார்கள், நூறடி தள்ளி இந்தப் பக்கம் வந்தால் பின்னசேஷி. நடுவில் மாட்டிக்கொண்ட அம்மிச்சிகளுக்கு இரண்டும் வாயில் நுழையாது. "எம் பேரனுக்குப் பேச்சு வரல" என்பார்கள். அதுவே எனக்கும் சரியாகப் படும்.

சரி, அந்த மூன்று வரி. இப்படிப்பட்ட பிள்ளைக்கு நாங்கள் எழுத வேண்டியது நடத்தை ஆதரவுத் திட்டம். ஸ்டாஃப் ரூமில் அதை 'பிஹேவியர் பிளான்' என்பார்கள். முதல் வேலை, அந்த மூன்று வரியை அடிப்பது. "அடங்க மாட்டான்" என்பதை எப்படி எண்ணுவது? டீச்சருக்கு அடங்காதது ஹெட்மாஷுக்கு அடக்கமாகத் தெரியலாம். கண்ணால் பார்த்து, விரலால் எண்ணக்கூடியதாக எழுத வேண்டும். உட்கார்ந்து பேசி இப்படி மாற்றினோம்: "கையில் இருக்கும் பொருளை ஒரு கை நீளத்துக்கு அப்பால் விழும்படி எறிகிறான்." ரப்பர் கைதவறி விழுந்தால் கணக்கில் வராது. டிபன் பாக்ஸ் பறந்தால் வரும்.

அடுத்து "காரணமில்லாமல்". இந்த ஒரு சொல்லைப் பார்த்த அளவுக்குப் பள்ளிகளில் வேறெந்தச் சொல்லையும் நான் பார்த்ததில்லை. காரணம் இருக்கிறது, நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டு வைப்போம். மூன்று கட்டம். முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, பின்னால் என்ன ஆனது. இரண்டு வாரம் இதை ஒழுங்காக எழுதினால் போதும், பாதி கதை தானாக வெளியே வரும். பிள்ளை ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்கிறதென்றால் அதனால் அதற்கு ஏதோ கிடைக்கிறது. பிடிக்காத வேலையிலிருந்து தப்பிக்க முடிகிறது, அல்லது யாராவது திரும்பிப் பார்க்கிறார்கள், அல்லது வேண்டிய பொருள் கைக்கு வருகிறது, அல்லது உடம்புக்கே அது ஒரு சுகமாக இருக்கிறது. பெரும்பாலும் இந்த நாலில் ஒன்று, சில சமயம் இரண்டு சேர்ந்து.

இதெல்லாம் அமெரிக்கப் புத்தகச் சரக்கு என்று சிலர் சொல்வார்கள். 1997ல் அங்கே சிறப்புக் கல்விச் சட்டத்தைத் திருத்தியபோது நடத்தைக்கான காரணத்தை ஆராய்வது சட்டத்துக்குள் வந்தது, உண்மைதான். ஆனால் நம் ஊரிலும் சரக்கு இல்லாமல் இல்லை. செகந்திராபாத்தில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கென்று இருக்கும் தேசிய நிறுவனத்தில் ரீட்டா பெஷாவரியாவும் எஸ். வெங்கடேசனும் சேர்ந்து 1992லேயே இந்தியப் பிள்ளைகளுக்கென்று நடத்தையை அளக்க ஓர் அளவுகோல் செய்தார்கள். அதன் இரண்டாம் பாகத்தில் பிரச்சினை நடத்தைகள் மட்டும் 75. நாங்கள் படிக்கும் காலத்தில் அதை வைத்துத்தான் பழகினோம்.

நோட்டுக்கு முன்னால் செய்ய வேண்டிய இன்னொன்றும் உண்டு. உடம்பைப் பார்ப்பது. பேச்சு வராத பிள்ளைக்குப் பல் வலித்தால் எப்படிச் சொல்லும்? ரொம்ப வருடம் முன்னால் வேறொரு பள்ளியில் ஒரு சின்னப் பெண் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டே இருந்தாள். நான் இரண்டு வாரம் கட்டம் கட்டமாக எழுதி, கவனத்துக்காகச் செய்கிறாள் என்று முடிவு கட்டி, பார்த்தும் பார்க்காத மாதிரி இருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். கடைவாய்ப் பல்லில் சொத்தை. பல்லைப் பிடுங்கிய மூன்றாம் நாள் அறைவது நின்றது. அந்த இரண்டு வாரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசும். அதிலிருந்து காது, பல், வயிறு, தூக்கம், வலிப்பு மாத்திரை எல்லாம் கேட்காமல் நோட்டைத் திறப்பதில்லை. தம்பிக்கு அப்படி எதுவும் இல்லை.

நோட்டு பேசியது இதுதான். பதினொரு பள்ளி நாளில் 34 தடவை வீசியிருக்கிறான். 22 தடவை, போர்டில் எழுதியதைப் பார்த்து எழுதச் சொன்ன நேரம். 'பின்னால்' என்ற கட்டத்தில் அநேகமாக எல்லா வரியிலும் ஒரே வாசகம்: "வெளியே வராந்தாவில் உட்கார வைத்தேன்." அட, என்று இருந்தது. எழுத்து அவனுக்கு மலை. வீசினால் மலை இறங்கிவிடுகிறது. தண்டனை என்று நினைத்து நாம் கொடுத்தது, அவன் கணக்கில் கூலி. ஒரு நாளைக்கு இரண்டு தடவை, தவறாமல், உடனுக்குடன் கூலி கொடுத்தால் யார்தான் வேலையை விடுவார்கள்?

இந்த இடத்தில்தான் நான் தப்பு செய்தேன். கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் என்னைப் போல நிறைய பேர் இதைச் செய்கிறார்கள்.

காரணம் பிடிபட்ட சந்தோஷத்தில், "இனிமேல் வீசினால் வெளியே அனுப்பாதீங்க டீச்சர், எழுதி முடிக்கிற வரைக்கும் பெஞ்சிலேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பள்ளிக்குப் போய்விட்டேன். புத்தகப்படி தப்பில்லை. கூலியை நிறுத்தினால் வேலை நிற்கும். ஆனால் நிற்பதற்கு முன்னால் ஏறும். லிஃப்ட் பட்டனை ஒரு தடவை அமுக்கி வரவில்லை என்றால் நாம் என்ன செய்கிறோம், நாலு தடவை, பலமாக அமுக்குகிறோம் இல்லையா, அது மாதிரி. இப்படி ஏறும் என்று எனக்குத் தெரியும். டீச்சரிடம் சொல்லவில்லை. அதைவிடப் பெரிய தப்பு, வீசுவதற்குப் பதிலாக அவன் என்ன செய்ய வேண்டும் என்பதை யாரும் அவனுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. "எனக்கு முடியல, கொஞ்சம் விடுங்க" என்று சொல்ல அவனிடம் இருந்த ஒரே வார்த்தை அந்த வீச்சு. வேறு வார்த்தை கையில் கொடுக்காமல் இருந்ததையும் பிடுங்கிவிட்டேன்.

மூன்றாம் நாள் ஸ்டீல் டிபன் பாக்ஸ் மூடி பறந்துபோய் முன் பெஞ்சுப் பெண்ணின் நெற்றியில் பட்டது. இரண்டு தையல்.

பி.டி.ஏ. கூட்டத்தில் அந்தப் பெண்ணின் அப்பா சத்தம்கூடப் போடவில்லை. "கண்ணு போயிருந்தா யாருங்க டீச்சர் பதில் சொல்றது?" என்றார். நான் என்ன சொல்வேன்? அவர் கேட்டதில் ஒரு எழுத்து தப்பில்லை. தம்பியின் அம்மா கடைசி வரிசையில் மில் சேலையோடு உட்கார்ந்திருந்தார். யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் என்று பிற்பாடு சொன்னார்.

அன்று சாயங்காலம் பள்ளியிலிருந்து போன். "ஒரு வாரம் வீட்டுல வெச்சிருங்கம்மா, எல்லாரும் கொஞ்சம் ஆறட்டும்." உடம்பு சரியில்லை என்று லீவ் லெட்டர் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். ஒரு வாரம், நடுவில் ஓணம் லீவும் வந்து, அப்படியே இழுத்து, மொத்தம் 23 பள்ளி நாள். ரெஜிஸ்டரில் அத்தனையும் காய்ச்சல்.

இதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்கச் சட்டத்தில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஊனமுள்ள பிள்ளையை நடத்தைக்காகப் பத்து நாளுக்கு மேல் பள்ளியிலிருந்து விலக்கப் பார்த்தால், அந்த நடத்தை ஊனத்தினால் வந்ததா என்று உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். ஆமென்றால் பிள்ளையைத் திரும்ப எடுத்துக்கொண்டு பிளானைத் திருத்த வேண்டும். அங்கேயும் எல்லா இடத்திலும் ஒழுங்காக நடக்கிறது என்று நான் நம்பவில்லை. ஆனால் எண்ணுவதற்குப் பத்து என்று ஓர் எண்ணாவது இருக்கிறது. நம்மிடம் 2016ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது, அதன் 16ஆம் பிரிவு தனிப்பட்ட தேவைக்கேற்ற உதவியைப் பள்ளி கொடுக்க வேண்டும் என்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதையும் மனதை நோகடிப்பதையும் தடுக்கிறது. அடிப்பது குறைந்திருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பதிலாக வந்திருப்பது இந்தப் போன். "நாளைக்கு அனுப்பாதீங்க." இதற்கு ரசீது கிடையாது. எண்ணவும் முடியாது.

அந்த 23 நாளில் நான் வீட்டுக்குப் போனேன். ஓட்டு வீடு, முன்னால் களம், ஓரமாகத் தென்னை மட்டை அடுக்கியிருந்தது. தம்பி திண்ணையில் உட்கார்ந்து மட்டை உரித்த நாரை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்க்கவில்லை. அம்மிச்சிதான், "வாங்க டீச்சர், டீ வெக்கட்டுங்களா" என்றார். கேட்டுக்கொண்டே அவன் தட்டில் இட்லி வைத்தார். மூன்றாவது இட்லிக்குத் தம்பி உள்ளங்கையைத் தட்டுக்கு மேல் கவிழ்த்தான். "போதுங்களா சாமி? சரி போதும்" என்று அம்மிச்சி எடுத்துக்கொண்டார்.

வீசவில்லை. கத்தவில்லை. கையைக் கவிழ்த்தான், முடிந்தது.

"இப்படித்தான் எப்பவும் காட்டுவானா?"

"ஆமாங்க. சின்னதுல இருந்தே. போதும்னா கை வெப்பான். நான் எடுத்துக்குவேன்."

பள்ளிக்கூடத்தில் ஏன் இது வரவில்லை? அங்கே கையைக் கவிழ்த்தால் யாரும் எதையும் எடுத்துக்கொள்வதில்லை. அதுவும் நோட்டில் இருந்தது, இப்போதுதான் கண்ணில் பட்டது: "நோட்டின் மேல் கையை வைத்து மறைத்தான். கையை எடுத்துவிட்டு எழுதச் சொன்னேன். வீசினான்." இரண்டு இடத்தில் டீச்சர் நேர்மையாக எழுதியிருந்தார். நான் படித்துவிட்டுத் தாண்டிப்போயிருக்கிறேன்.

இதில் மொழிச் சிக்கல் ஒன்றும் இருந்தது. மாதம் இரண்டு தடவை அவனைப் பாலக்காட்டுக்குத் தெரபிக்குக் கூட்டிப்போவார்கள். நல்ல தெரபிஸ்ட், பொறுமைசாலி. அவரும் இதே யோசனையில் படம் போட்ட ஒரு கார்டு செய்து கொடுத்திருந்தார். அதில் மலையாளத்தில் 'மதி'. மலையாளத்தில் மதி என்றால் போதும். அந்த அறையில் அவன் கார்டை எடுத்துக் கொடுப்பான், அவர் "மதியோ? சரி" என்பார். வீட்டில் அந்தக் கார்டு சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. அம்மிச்சிக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. 'மதி' என்று யாரோ படித்துச் சொன்னபோது, புத்தி வருவதற்கான மந்திரம் என்று நினைத்திருக்கிறார். சிரிப்பு வந்தது, பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. தமிழே பேசாதீர்கள், ஒரே மொழியாகப் பேசினால்தான் பேச்சு வரும் என்று யாரோ வேறு சொல்லியிருந்தார்கள். மலையாளம் சரளமாக வராத அம்மா அதனால் ஒரு வருடம் பையனிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டிருந்தார். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சு கெட்டுப்போகும் என்று ஆராய்ச்சிகள் காட்டவில்லை. அதை அம்மாவிடம் சொன்ன அன்று அவர் அழுதார். எனக்குச் சொல்லத் தெரிந்த நல்ல செய்தி அந்த மாதத்தில் அது ஒன்றுதான்.

1985ல் எட்வர்ட் கார், மார்க் டூராண்ட் என்ற இரண்டு பேர் செய்த ஆராய்ச்சி ஒன்று எங்கள் துறையில் எல்லோருக்கும் பாடம். நாலு பிள்ளைகள். சிலருக்கு வேலை கடினமானால் பிரச்சினை வரும், சிலருக்கு யாரும் கவனிக்காவிட்டால் வரும். முதல் வகைக்கு 'எனக்குப் புரியல' என்று சொல்லவும், இரண்டாம் வகைக்கு 'நான் நல்லா செய்யறேனா' என்று கேட்கவும் கற்றுக்கொடுத்தார்கள். சரியான வாக்கியம் சரியான பிள்ளைக்குக் கிடைத்தபோது பிரச்சினை இறங்கியது. மாற்றிக் கொடுத்தால் வேலை செய்யவில்லை. பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியவள் நான். தம்பி விஷயத்தில் ஞாபகம் வந்தது, டிபன் பாக்ஸ் மூடி பறந்த பிறகு.

இரண்டாவது பிளானை வகுப்பு டீச்சர், அம்மா, அம்மிச்சி, நான், கஞ்சிப்புரையில் சமைக்கும் அக்கா ஐந்து பேரும் சேர்ந்து எழுதினோம். அந்த அக்காவைக் கூப்பிட்டதற்குக் காரணம், தம்பி வெளியே வந்தால் முதலில் போய் நிற்பது அங்கேதான். கார்டில் அவனுக்குப் பிடித்த பைப்படியின் போட்டோ. கீழே தமிழில் 'போதும்', அதற்கும் கீழே மலையாளத்தில் 'மதி'. கை கவிழ்த்தாலும் சரி, கார்டைக் கொடுத்தாலும் சரி, வாயால் சொன்னாலும் சரி, ஒரே அர்த்தம். கொடுத்தவுடன் இரண்டு நிமிஷம் வெளியே. பைப்பில் ஒரு மக்கு தண்ணீர் பிடித்துச் செம்பருத்திக்கு ஊற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். எழுத்து வேலை ஒரு பக்கத்திலிருந்து மூன்று வரியாகக் குறையும். அப்படியும் வீசினால் பக்கத்துப் பிள்ளைகளை நகர்த்துவது, அதிகம் பேசாமல் இருப்பது, பிடித்து அமுக்காமல் இருப்பது, அடங்கியதும் அதே வேலையில் ஒரே ஒரு வரி எழுத வைத்து முடிப்பது. ஸ்டீல் டப்பா பெஞ்சில் வேண்டாம், ஷெல்ஃபில் இருக்கட்டும். இதெல்லாம் சேர்ந்து ஒரு பக்கம்கூட வரவில்லை.

கூட்டத்தில் ஒருவர், வீசின நாளில் முட்டை கிடையாது என்று வைத்தால் என்ன என்று கேட்டார். வாரத்தில் ஒரு நாள்தான் சத்துணவில் முட்டை, தம்பிக்கு உயிர். மதிய உணவு 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பிள்ளையின் உரிமை, பரிசுப் பொருள் இல்லை என்று நான் சட்டம் பேச ஆரம்பிப்பதற்குள், சமையல் அக்கா, "பசிக்கிற புள்ளைக்கு நான் போடாம இருக்க மாட்டேன், யார் சொன்னாலும்" என்று முடித்துவிட்டார். அவருடைய வாதம் என்னுடையதைவிடச் சுருக்கம்.

வகுப்பு டீச்சரின் பயம் வேறு. "கார்டு காட்டினா எல்லாம் விடணும்னா நாள் முழுக்கக் காட்டிட்டே இருப்பானே?"

காட்டுவான் என்றேன். இந்தத் தடவை முன்கூட்டியே சொன்னேன். காட்டினான். முதல் நாள் 19 தடவை. செம்பருத்தி அழுகிவிடும் என்று பயந்தோம். டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு 19 தடவையும் "போதுமா, சரி" என்றார். அந்த வகுப்பில் இன்னும் முப்பது சொச்சம் பிள்ளைகள் இருந்தார்கள் என்பதை இதைப் படிக்கிறவர்கள் மறந்துவிடக் கூடாது. இரண்டாவது வாரம் தானாக இறங்க ஆரம்பித்தது. தான் சொன்னால் நடக்கும் என்று நம்பிக்கை வந்துவிட்டால் சும்மா சும்மா சோதித்துப் பார்க்க வேண்டியதில்லையே. மூன்றாம் வாரத்திலிருந்து "இன்னும் ஒரு வரி, அப்புறம் போலாம்" என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினோம்.

பள்ளிக்கு ஒரு ஸ்பெஷல் எஜுகேட்டர் தினமும் இருந்தால் இதையெல்லாம் வகுப்பு டீச்சர் தலையில் கட்ட வேண்டியிருக்காது. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தொடக்கப் பள்ளியில் இப்படிப்பட்ட பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் வகுப்புகளில் பதினைந்து பிள்ளைகளுக்கு ஒருவர் என்று விகிதம் சொன்னது. நான் அந்த வருடம் ஐந்து பள்ளிக்கு ஒருத்தியாக பஸ் மாறிக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் இப்படி ஓடியது. ஒரு நாளைக்கு மூன்று என்று இருந்த வீச்சு வாரத்துக்கு இரண்டு, மூன்றாக வந்தது. அடுத்த வருடம் நாலாம் வகுப்பு, அதே டீச்சர், அதே கார்டு. ஜூன் நன்றாகப் போனது. ஜூலை நடுவில் திடீரென்று ஏறியது. ஒரே நாளில் ஐந்து. கார்டு கண்ணெதிரே இருந்தும் தொடவில்லை. எழுதுகிற நேரம்கூட இல்லை, சும்மா கதை கேட்கிற நேரத்தில். பிளான் தோற்றுவிட்டது என்று ஹெட்மாஷ் சொல்லவில்லை, ஆனால் மேஜையில் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பவும் நோட்டு. டீச்சருக்கு இந்தக் கட்டம் நிரப்பும் வேலை வேம்பாகக் கசந்துவிட்டிருந்தது. கட்டத்துக்குள் பாதி, ஓரத்தில் பாதி என்று என்னத்தையோ கிறுக்கியிருந்தார். அந்தக் கிறுக்கலில் ஒன்று: "ஷீட் சத்தத்தில் எனக்கே தலைவலி." இரண்டு நாள் தள்ளி: "இன்றும் காற்று. கத்திப் பாடம் நடத்தித் தொண்டை போச்சு." இரண்டுமே தம்பி நாலு, ஐந்து தடவை வீசிய நாட்கள்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்வதை எங்கள் பக்கம் யாரும் உவமையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மலைத்தொடர் நடுவில் விட்ட பாலக்காட்டு வாசல் வழியாகக் காற்று மேற்கேயிருந்து நேராக வந்து அறையும். வேலந்தாவளம் பஸ் ஸ்டாப்பில் குடை பிடித்து நின்றால் குடைதான் நம்மைப் பிடித்துக்கொண்டு போகும். அந்தப் பள்ளி வராந்தாவுக்கு மேலே தகர ஷீட். நாலாம் வகுப்புக்கு நேர் எதிரே ஒரு ஷீட்டின் ஓரம் தூக்கித் தூக்கி இரும்புச் சட்டத்தில் அடித்துக்கொண்டிருந்தது. நமக்கு அது சத்தம். தம்பிக்கு அது என்னவென்று எனக்கு எப்படித் தெரியும்? குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்திக்கொண்டு களத்துக்கு ஓடுகிறவன் அவன். அம்மிச்சி முதல் நாளே சொன்ன விஷயம் அது. மூன்றாம் வகுப்பு கட்டிடத்தின் அந்தக் கோடியில் இருந்தது, ஓடு போட்ட கூரை, அதனால் போன வருடம் இது வெளியே வரவில்லை.

இதில் எனக்கு உறைத்தது, என் நோட்டில் காற்றுக்குக் கட்டம் இல்லை. முன்னால் என்ன நடந்தது என்று கேட்டால் மனுஷர்கள் செய்ததை மட்டும் எழுதுவோம். கூரை செய்வதை யார் எழுதுவார்கள்?

வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஓர் அப்பா ஏணி போட்டு ஏறினார். இரண்டு ஜே போல்ட் கழன்று எங்கோ விழுந்திருந்தன. புதுசு போட்டு, ஷீட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே சைக்கிள் டியூப் துண்டை வெட்டி வைத்து முறுக்கினார். அரை மணி நேர வேலை. காசு வாங்கவில்லை. மறு வாரம் காற்று அப்படியே இருந்தது, சத்தம் பாதிக்கு மேல் போய்விட்டது, வீச்சு பழையபடி வாரத்துக்கு இரண்டு. பூஜ்யம் ஆகவில்லை. பிளானில் தேதி போட்டு ஒரு வரி சேர்த்தேன்: "ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று பலமாக இருக்கும் நாளில் உள்பக்கச் சுவர் ஓரம் இடம்." டீச்சர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "எனக்கும் அந்தப் பக்கமே நாற்காலி போட்டுக்கறேன்" என்றார்.

பிஹேவியர் பிளான் என்ற காகிதத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இல்லாமல் இல்லை. சில இடங்களில் அதைப் பிள்ளையை வெளியேற்றுவதற்கு முன் வைக்கும் சாட்சியாக எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். "எல்லாம் செய்து பார்த்தோம், முடியவில்லை" என்று சொல்வதற்கு ஒரு ஃபைல் வேண்டுமே. அப்படி எழுதியதைப் படித்தாலே தெரிந்துவிடும். வினைச்சொல் எல்லாம் பிள்ளையுடையதாக இருக்கும்: உட்காருவான், கேட்பான், எழுதுவான், வீசமாட்டான். யார் எத்தனை மணிக்கு எதை மாற்றப்போகிறார்கள் என்பது இருக்காது. சில நல்ல பிளான்களிலும் ஸ்டார் ஒட்டும் சார்ட் மட்டும் பெரிதாக இருக்கும். தம்பிக்கும் ஒரு சார்ட் செய்து பார்த்தோம். ஸ்டாரைப் பிய்த்து விரலில் ஒட்டிக்கொண்டான், அதோடு சரி.

2024 ஜூனில் அவன் ஐந்தாம் வகுப்பு. எல்.பி. என்ற தொடக்கப் பள்ளி நாலோடு முடிகிறது, யு.பி. என்ற மேல் தொடக்கப் பள்ளிக்கு வேறு பள்ளிக்கூடம், வேறு டீச்சர்கள், பாடத்துக்கு ஒருவராக ஏழு பேர். பழைய வகுப்பு டீச்சர் ஒரு சனிக்கிழமை தன் செலவில் ஆட்டோ பிடித்துப் புதுப் பள்ளிக்கு வந்து, இரண்டு வருட நோட்டையும் அந்த ஏழு பேருக்கும் காட்டி ஒரு மணி நேரம் பேசினார். "முதல் வாரம் இருபது தடவை காட்டுவான், பயந்துடாதீங்க" என்று அவர் சொன்னபோது நான் வாயே திறக்கவில்லை. கார்டு புதுசாக லேமினேட் செய்தோம். பைப்படி போட்டோவை மாற்ற வேண்டியிருந்தது, இங்கே பைப் வேறு இடத்தில், பக்கத்தில் செம்பருத்தியும் இல்லை. தம்பி பழைய கார்டை விடவில்லை. இரண்டையும் ஒரே கயிற்றில் கோர்த்துக் கொடுத்தோம்.

புது அட்மிஷன் படிவத்திலும் அதே தலைப்பு, அதே மூன்று வரி இடம். அதில் "இணைப்பு பார்க்கவும்" என்று எழுதி நாலு பக்கத்தைப் பின் குத்திச் சேர்த்தேன்.

யு.பி. கட்டிடம் கான்கிரீட், கூரைச் சத்தம் இல்லை. உள்ளே போய் அவன் உட்காரப்போகும் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். மேலே ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் டக் என்றது. ஹெட்மாஷிடம் சொன்னேன். "அடுத்த பி.டி.ஏ.யில் வெச்சுப் பேசலாம் டீச்சர்." எப்போது என்று கேட்டேன். ஜூலை கடைசியில் இருக்கும் என்றார். வெளியே வந்து அந்த வெல்டிங் பட்டறைக்காரரின் நம்பரைத் தேடி எடுத்தேன். அவருக்கு ஃபேன் வேலை தெரியாதாம். கொழிஞ்சாம்பாறையில் ஒருவர் இருக்கிறார், திங்கட்கிழமை வரச் சொல்கிறேன் என்றார்.